பாதியில் நின்ற டவுன்லோடை அழித்துவிடாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி வைரஸைப் பற்றியது அல்ல. "பெரிய பைல் ஒன்றை டவுன்லோட் செய்தால் பாதியில் நின்றுவிடுகிறதே, என்ன செய்வது?" என்பதுதான். கேட்கும்போதே விடையையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "நெட் சரியில்லை போல." அடுத்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "அழித்துவிட்டு முதலில் இருந்து போட்டேன்" என்பார்கள்.

இந்த இரண்டாவது வேலைதான் தவறு என்பது என் கருத்து. நெட் தடைப்படுவது நம் கையில் இல்லை. ஆனால் ஏற்கெனவே வந்து சேர்ந்ததைத் தூக்கி எறிவது நம் கையால் நாமே செய்வது. பாதி பைல் என்பது குப்பை அல்ல. காசு கொடுத்து வாங்கிய சரக்கு.

2023-ல் ஆடிப்பெருக்குக்கு ஐந்து நாள் இருக்கும்போது சிவகாசியில் ஒரு சிறிய ஆப்செட் அச்சகத்துக்குப் போயிருந்தேன். சிவகாசிக்காரர்களுக்கு ஆடிப்பெருக்கு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் அன்றுதான் வெளியிடப்படும், அதைப் பார்த்துத்தான் வெளியூர் ஏஜென்ட்டுகள் ஆர்டர் எடுப்பார்கள். அந்த அச்சகத்துக்கு ஆல்பத்தில் சேர்க்க வேண்டிய படங்களை வட மாநிலத்தில் இருக்கும் டிசைனர் ஒருவர் ஒரே ஜிப் பைலாக்கி, தன் இணைய தளத்தில் ஏற்றி, வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பியிருந்தார். அளவு 3.4 ஜிபி. அச்சகத்தின் பிராட்பேண்ட் கேபிள் எங்கோ அறுந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. டிடிபி பார்க்கும் இளைஞர் தன் செல்போனின் ஹாட்ஸ்பாட்டை வைத்து டவுன்லோட் செய்துகொண்டிருந்தார்.

"மூணு நாளாப் போட்டுப் பாக்கேன் அண்ணாச்சி. நாப்பது பெர்சன்ட் தாண்டினதும் நின்னுருது. நெட்டு சரியில்ல."

நெட் சரியாகத்தான் இருந்தது. கணக்குதான் சரியில்லை. அவருடைய போன் பேக் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி. அது தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸாகக் குறைந்துவிடும். அந்த வேகத்தில் ஒரு ஜிபி இறங்க ஏறத்தாழ 35 மணி நேரம் ஆகும். டவுன்லோட் ஊர்ந்து ஊர்ந்து, கடைசியில் தோல்வி என்று காட்டிவிடும். மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பில் இருக்கும் லிங்கை அவர் மீண்டும் கிளிக் செய்வார். பிரவுசரும் இது புது வேலை என்று நினைத்துக்கொண்டு, பெயருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொண்டு பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். மூன்று நாளில் அவர் இறக்கியது நான்கு ஜிபிக்கு மேல். கையில் 3.4 ஜிபி பைல் இல்லை! இந்த வழியில் போனால் மூன்று நாள் அல்ல, முப்பது நாள் ஆனாலும் அந்தப் பைல் வந்து சேராது. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபிதான் என்றால், அதைவிடப் பெரிய எந்தப் பைலையும் முதலில் இருந்து தொடங்கி முடிக்கவே முடியாது அல்லவா?

மூட்டைக் கணக்கு

விருதுநகர் வியாபாரிகளுக்கு இதை விளக்குவது எளிது. நூறு மூட்டை மிளகாய் வத்தல் வர வேண்டும். எழுபது மூட்டை கிட்டங்கியில் இறங்கிவிட்டது. மீதியை ஏற்றி வந்த லாரி சாத்தூர் பக்கம் நின்றுவிட்டது. எந்த வியாபாரியாவது இறங்கிய எழுபதையும் குப்பையில் கொட்டிவிட்டு, "மறுபடி நூறும் அனுப்பு" என்று சொல்வாரா? "எழுபது வந்துவிட்டது, எழுபத்தொன்றில் இருந்து அனுப்பு" என்றுதானே சொல்வார்.

இணையத்திலும் இப்படிக் கேட்கலாம். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் மொழியான எச்.டி.டி.பி.யின் 1.1 பதிப்பு 1997 ஜனவரியில் வரையறுக்கப்பட்டபோதே இதற்கான வழி அதில் சேர்க்கப்பட்டுவிட்டது. "இந்தப் பைலில் இத்தனையாவது பைட்டில் இருந்து கொடு" என்று நம் கம்ப்யூட்டர் கேட்கும். சர்வர் அதற்குச் சம்மதித்தால் 206 என்ற எண்ணோடு பதில் அனுப்பி, மீதியை மட்டும் தரும். முழுப் பைலையும் முதலில் இருந்து தரப் போகிறது என்றால் அந்த எண் 200 ஆக இருக்கும்.

இந்த வசதியின் அருமை நம் பகுதிக்காரர்களுக்குப் புதிதல்ல. 2004-ல் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை 256 கேபிபிஎஸ் வேகத்தையே பிராட்பேண்ட் என்று ஏற்றுக்கொண்டது. அந்த வேகத்தில் 700 எம்பி சிடி ஒன்று இறங்க ஆறு மணி இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். பிஎஸ்என்எல் தந்த ஒரு திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. அலாரம் வைத்து எழுந்து டவுன்லோட் போட்டுவிட்டுத் தூங்கியவர்கள் இன்று நாற்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். கணக்குப் பாருங்கள், ஆறு மணி நேர இரவு ஒன்றில் ஒரு சிடி முழுதாக முடியாது. எனவே விட்ட இடத்தில் இருந்து தொடரும் பிளாஷ்கெட், கெட்ரைட் போன்ற புரோகிராம்கள் அன்று எல்லார் கம்ப்யூட்டரிலும் இருந்தன. பிறகு 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போன காலத்தில், யுபிஎஸ் கத்தத் தொடங்கியதும் முதலில் டவுன்லோடை பாஸ் செய்துவிட்டுத்தான் பைலையே சேவ் செய்வோம். வேகம் கூடியதும் அந்தப் பழக்கம் மறந்துவிட்டது. புதிதாக வந்தவர்களுக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது

இதற்காக நீங்கள் எந்தப் புரோகிராமையும் தேடி நிறுவ வேண்டாம். இலவச டவுன்லோட் மேனேஜர் என்று தேடினால் வரும் தளங்களில் பாதி, வேறு எதையாவது கம்ப்யூட்டருக்குள் இறக்கிவிடும். கிராக் செய்யப்பட்டது என்று நண்பர் பென் டிரைவில் தருவது அதைவிட மோசம். விண்டோஸ் 10-க்கு 2018 ஏப்ரலில் வந்த அப்டேட் முதல், கர்ல் என்ற சிறு புரோகிராம் விண்டோஸுடனேயே வருகிறது. விண்டோஸ் 11-லும் உண்டு. மேக் கம்ப்யூட்டரிலும் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பர்க், நாணய மாற்று மதிப்புகளை இணையத்தில் இருந்து எடுப்பதற்காக ஒரு சிறு புரோகிராமை வளர்த்தெடுத்தார். அதுவே 1998 மார்ச்சில் கர்ல் என்ற பெயரில் வெளியானது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டபிள்யுகெட் என்பதையும் பயன்படுத்தலாம். குரோஷியாவைச் சேர்ந்த ஹ்ர்வோயே நிக்சிச் 1996-ல் எழுதியது அது. மெதுவான, அடிக்கடி அறுந்துபோகும் இணைப்புகளை மனதில் வைத்தே உருவாக்கப்பட்டது.

கர்லுக்கு ஜன்னலும் பட்டனும் கிடையாது. பழைய டாஸ் போன்ற கருப்புத் திரையில் கட்டளையை டைப் செய்ய வேண்டும். இங்கேதான் பலர் பயந்துபோகிறார்கள். "ஏதாவது அழிந்துவிட்டால்?" என்கிறார்கள். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: முன்பின் தெரியாத யாரோ அனுப்பிய நீளமான கட்டளையை அப்படியே ஒட்டி என்டர் தட்டுவதற்கு. மோசடிக்காரர்கள் இன்று அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். நீங்களே புரிந்துகொண்டு டைப் செய்யும் ஒரு வரியால் ஒன்றும் கெட்டுவிடாது.

எப்படிச் செய்வது? டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்துகொள்ளுங்கள். மேலே முகவரி காட்டும் கட்டத்தில் கிளிக் செய்து, இருப்பதை அழித்துவிட்டு, சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கருப்புத் திரை அதே போல்டரில் திறக்கும். இப்போது கட்டளை. முதலில் சி, யு, ஆர், எல் என்று சிறிய எழுத்தில். ஓர் இடைவெளி விட்டு, மைனஸ் குறியும் அதையொட்டிப் பெரிய எழுத்து எல்லும். லிங்க் வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பினால் அங்கேயும் போ என்று இதற்குப் பொருள். அடுத்து இடைவெளி விட்டு, மைனஸ் குறியும் அதையொட்டிப் பெரிய எழுத்து சியும். மீண்டும் ஓர் இடைவெளி விட்டு, தனியாக ஒரு மைனஸ். எல்லாரும் விட்டுவிடுவது இந்தத் தனி மைனஸைத்தான். "எங்கே நின்றது என்று நீயே பார்த்துத் தொடர்ந்துகொள்" என்பதை அது சொல்கிறது. பிறகு இடைவெளி விட்டு, மைனஸ் குறியும் சிறிய எழுத்து ஓவும். இடைவெளி விட்டு, நீங்கள் வைக்க விரும்பும் பைல் பெயர், அதன் ஜிப் அல்லது பிடிஎப் வாலோடு. கடைசியாக லிங்க், இரட்டை மேற்கோள் குறிக்குள். மேற்கோள் குறி இல்லாவிட்டால், லிங்கின் நடுவே வரும் ஆம்பர்சேண்ட் குறியில் கட்டளை இரண்டாக வெட்டுப்பட்டுவிடும்.

லிங்கை எங்கே எடுப்பது? பிரவுசரில் கண்ட்ரோல் + ஜே தட்டினால் டவுன்லோட் பட்டியல் வரும். நின்றுபோன பைலின் மீது ரைட் கிளிக் செய்து அதன் லிங்கை காப்பி செய்யலாம். வாட்ஸ்அப்பில் வந்த லிங்க் பல நேரங்களில் பைலின் லிங்க் அல்ல, பைல் இருக்கும் பக்கத்தின் லிங்க். அதைக் கொடுத்தால் சில கேபி அளவில் ஒரு வலைப்பக்கம்தான் ஜிப் என்ற பெயரில் வந்து நிற்கும்.

டவுன்லோட் நகராமல் நின்றால் கண்ட்ரோல் + சி தட்டி நிறுத்துங்கள். மேல் அம்புக்குறி கீயை ஒரு முறை தட்டினால் அதே கட்டளை மீண்டும் வரும். என்டர். விட்ட பைட்டில் இருந்து தொடரும். கரண்ட் போய்க் கம்ப்யூட்டரே அணைந்துவிட்டாலும், மறுபடி அதே போல்டரில், அதே பைல் பெயரோடு கட்டளையைக் கொடுத்தால் போதும்.

நின்றதற்கு என்ன காரணம் என்பதையும் கர்ல் மறைக்காமல் சொல்லும். பிரவுசர் "தோல்வி" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறதே, அதைவிட இது எவ்வளவோ மேல். அடைப்புக்குறிக்குள் ஓர் எண் வரும். 6 என்றால் தளத்தின் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் நெட் இணைப்பையும் டைப் செய்த முகவரியையும் பாருங்கள். 18 என்றால் பைல் முழுதாக வருவதற்குள் அறுந்துவிட்டது. மேல் அம்புக்குறி, என்டர். 28 என்றால் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது. 33 என்றால், பாதியில் இருந்து தர சர்வர் மறுக்கிறது. லிங்க் காலாவதியாகி இருந்தாலும் இது வரலாம். தளத்துக்குப் போய்ப் புது லிங்க் எடுத்து, அதே பைல் பெயரோடு கொடுத்துப் பாருங்கள்.

23 என்பது நெட் குற்றமே அல்ல. உங்கள் டிஸ்க்கில் எழுத முடியவில்லை என்று பொருள். இடம் தீர்ந்திருக்கலாம். அல்லது நேராக பென் டிரைவுக்கு இறக்கினீர்களா? பேட்32 முறையில் பார்மட் செய்த பென் டிரைவில் ஒரு பைல் 4 ஜிபியைத் தொட முடியாது, டிரைவ் 64 ஜிபியாக இருந்தாலும் சரி. உபுண்டு 24.04-ன் பைல் 5 ஜிபிக்கும் மேல். அது எத்தனை முறை போட்டாலும் 4 ஜிபியில்தான் நிற்கும். இதற்காக நெட் கம்பெனியிடம் சண்டை போட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். (இரண்டு கம்பெனி மாற்றினார்.) 60 என்றால் தளத்தின் சான்றிதழை ஏற்க முடியவில்லை. பழைய கம்ப்யூட்டராக இருந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி செத்து, தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும்.

பாதி பைலின் ஆபத்து

பாதி பைலை அழிக்காதீர்கள் என்று சொன்னேன். ஆனால் முழுப் பைல் என்று நினைத்துக்கொண்டு பாதி பைலைப் பயன்படுத்துவது அழிப்பதைவிடப் பெரிய தவறு. பாதி வந்த ஜேபெக் படம் என்றால் அடிப்பகுதி சாம்பல் நிறமாக இருக்கும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஜிப் என்றால், உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல் பைலின் கடைசியில்தான் இருக்கும். எனவே பாதி ஜிப் பெரும்பாலும் திறக்கவே திறக்காது. பிடிஎப்தான் ஏமாற்றும். அதற்கும் பக்க அட்டவணை பொதுவாகக் கடைசியில்தான். ஆனால் சில புரோகிராம்கள் அட்டவணை இல்லாவிட்டாலும் பைலைத் தாங்களே சரிசெய்து, வந்த பக்கங்களை மட்டும் காட்டிவிடும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். வீட்டில் பாடப் புத்தகம் படிப்பவருக்கு நாலு பக்கம் போகும். அச்சகத்தில் பிளேட் போட்டு, பேப்பர் ஓட்டிய பிறகு தெரிந்தால் என்ன ஆகும்?

இதனால்தான் டவுன்லோட் முடிந்ததும் பைலின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் பைட் கணக்கைப் பார்த்து, அனுப்பியவர் சொன்ன கணக்கோடு ஒப்பிடச் சொல்கிறேன். "மூணரை ஜிபி மாதிரி" என்ற கணக்கு போதாது. கடைசி பைட் வரை ஒன்றாக இருக்க வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் விண்டோஸிலேயே செர்ட்யுடில் என்ற கட்டளை இருக்கிறது. அது பைலின் உள்ளடக்கத்தை வைத்து எஸ்எச்ஏ256 என்ற நீண்ட எண் ஒன்றைக் கணக்கிட்டுத் தரும். ஒரு பைட் மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். நீங்கள் இரண்டு நாளாகத் தவணை முறையில் இறக்கும்போது இது மிகவும் அவசியம். முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் இடையில் சர்வரில் பைலை மாற்றிவிட்டால், கர்ல் அதைக் கண்டுகொள்ளாமல் பழைய தலையோடு புதிய வாலை ஒட்டிவிடும்.

சிவகாசி இளைஞரின் கதைக்கு வருகிறேன். நல்ல வேளையாக அவர் எதையும் அழிக்கவில்லை. குரோம் பிரவுசர் பாதி பைலுக்குத் தனி வால் ஒன்று போட்டு வைத்திருக்கும். அன்று காலையில் நின்றுபோனது 1.4 ஜிபி அளவில் அப்படியே இருந்தது. அதை ஒரு காப்பி எடுத்து, அந்த வாலை நீக்கி, ஜிப் என்று பெயர் மாற்றினோம். இந்த வைத்தியம் எல்லா நேரமும் பலிக்காது. பிரவுசரில் கேன்சல் கொடுத்திருந்தால் பாதி பைலே போயிருக்கும். கட்டளையைக் கொடுத்து, என் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன். என்னிடம் அன்றைய பாக்கி ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் கூட இருந்தது. வேறு போன், வேறு கம்பெனி நெட். சர்வருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. கேட்ட பைட்டில் இருந்து கொடுத்தது. மீதி ஒரு ஜிபியை மறுநாள் காலையில் அவருடைய போனிலேயே இறக்கி முடித்துவிட்டார். டிசைனருக்குப் போன் போட்டு, செர்ட்யுடில் தந்த எண்ணின் கடைசி ஆறு எழுத்துகளைப் படித்துக் காட்டச் சொன்னார். இவருக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. எண்ணும் எழுத்தும் படிக்க அது தேவைப்படவில்லை. ஒத்துப்போனது.

பிரவுசரிலேயே ரெஸ்யூம் பட்டன் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. அது வேலை செய்யும்போது தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அது தொடர்கிறதா, முதலில் இருந்து போகிறதா என்பது கொஞ்ச நேரம் ஓடிய பிறகுதான் தெரிகிறது. கர்ல் எத்தனையாவது பைட்டில் இருந்து தொடர்கிறேன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது. முடியாது என்றால் முடியாது என்று சொல்லி நின்றுவிடுகிறது. உங்கள் ஒன்றரை ஜிபியைத் தின்பதில்லை.

பைலை அனுப்புகிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கூகுள் டிரைவில் இருபது பைல்கள் உள்ள போல்டரை அப்படியே பகிர்ந்தால், இறக்குபவர் கேட்கும் நேரத்தில்தான் அங்கே ஜிப் தயாராகிறது. அதற்கு முன்கூட்டியே அளவு தெரியாது. பாதியில் நின்றால் தொடர்வதும் பெரும்பாலும் நடக்காது. நீங்களே ஜிப் செய்து ஒரே பைலாக ஏற்றுங்கள். லிங்குடன் பைட் கணக்கையும் எழுதுங்கள். உபுண்டு போன்ற இலவச மென்பொருள் தளங்கள் ஒவ்வொரு பைலுக்கும் எஸ்எச்ஏ256 எண்ணைத் தனியாக வெளியிடுகின்றன. நூற்றுக்கணக்கான எம்பி அளவில் பிடிஎப்களை மக்களுக்குத் தரும் நம் அரசுத் தளங்களில் இப்படி எண் கொடுத்திருப்பதை நான் அபூர்வமாகவே பார்க்கிறேன். ஒரு வரி சேர்க்கும் வேலைதான்.

அந்த அச்சகத்தில் இப்போது பிராட்பேண்ட் திரும்ப வந்துவிட்டது. ஆனாலும் வெளியூர்ப் பார்ட்டிகள் லிங்க் அனுப்பினால், அந்த இளைஞர் உடனே பதில் போடுகிறார்: "எத்தனை பைட்?"